எல்லாத்துக்கும் அலர்ஜி எண்ணு ஒரே பேரா? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பாறசாலையிலிருந்து வருகிறவர்களும் உண்டு, அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்களும் உண்டு. தேனீ கொட்டி முகம் வீங்கினாலும், செருப்பு வார் பட்டு அரித்தாலும், பாம்புக்கடிக்கு ஊசி போட்டபின் மூட்டு வலித்தாலும் எல்லோரும் கேட்பது "அலர்ஜிக்கு ஒரு மாத்திரை". மாத்திரையை எடுக்கும் முன் நான் ஒன்று கேட்பேன்: பட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வந்தது? அதை ஏன் கேட்கிறேன் என்று பலருக்கும் எரிச்சல். அவர்களுக்காகத்தான் இது. நான் டாக்டர் இல்லை. நோய் இன்னதென்று தீர்மானிப்பது டாக்டர்கள் பாடு.

அண்ணே, இந்த அலர்ஜி எண்ணா உள்ளதில் என்ன? நமக்க உடம்பு நம்மளையே ஏன் படுத்தணும்?

கிருமி உள்ளே வந்தால் அழிக்க ரத்தத்தில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. எதிர்ப்பொருள் என்ற புரதங்களும், டி செல் போன்ற வெள்ளை அணுக்களும் அதில் முக்கியம். இந்த ஏற்பாடு இறால், தேனீ விஷம், ஒரு மாத்திரை போன்றவற்றுக்கு அளவு மீறிப் பாய்ந்தாலோ, சொந்த உடம்பின் அணுக்களையே எதிரி என்று எடுத்துக்கொண்டாலோ வரும் கேடுதான் மிகை உணர்திறன். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் அதே ஆயுதங்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. அதனால்தான் சேதம் பலமாக இருக்கிறது.

வயிறு ஏற்காததெல்லாம் இதில் சேராது. பால் குடித்தால் வயிறு பொருமி வெளிக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதிதான் குறைவு. அதில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை.

நாலு வகை உண்டு எண்ணு நர்ஸிங் படிக்கிற எனக்க மவ சொல்லுதா. எதுவெல்லாம் அது?

1963-ல் ஜெல், கூம்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய நோயெதிர்ப்பியலாளர்கள் பிரித்து வைத்த கணக்கு அது. முதல் வகையில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வேலை செய்யும். சில நிமிடங்களில் காட்டிவிடும். இரண்டாம் வகையில் ஐஜிஜி, ஐஜிஎம் எதிர்ப்பொருள்கள் நேராக ஓர் அணுவின் மேல் ஒட்டி அதை அழிக்கும். மூன்றாம் வகையில் எதிர்ப்பொருளும் அது பிடித்த பொருளும் சேர்ந்து கட்டியாகி ரத்தத்தில் சுற்றி எங்காவது படியும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான்காம் வகையில் எதிர்ப்பொருளே கிடையாது, டி செல்கள் நேரில் வந்து சண்டை போடும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும்.

நிமிடமா, நாளா, வாரமா என்று நான் கேட்பது இதற்குத்தான். இரண்டாம் வகையில் மட்டும் இந்தக் கடிகாரம் சரியாக ஓடாது. அதைக் கீழே ரத்தம் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

வீட்டுல தேன்பெட்டி இருக்கு. எத்தனையோ தடவ கொட்டியிருக்கு, ஒண்ணும் ஆவல்ல. இந்தத் தடவ மட்டும் ஏன் மயங்கி விழுந்தேன்?

மார்த்தாண்டம் வட்டாரத்தில் இது புதுக்கதை இல்லை. ரப்பர் தளிர்க்கும் காலத்தில் இலைக் காம்பில் ஊறும் தேனுக்காகப் பெட்டிகள் தோட்டமெங்கும் இருக்கும், கொட்டு வாங்காத ஆள் கிடையாது. முந்தைய கொட்டுகளில் ஏதோ ஒன்றில் உங்கள் உடம்பு விஷத்துக்கு எதிராக ஐஜிஇ செய்து வைத்திருக்கிறது. அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல் என்ற காவல் அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த கொட்டில் விஷம் வந்து அந்த ஐஜிஇயைத் தொட்டதும் மாஸ்ட் செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளையும் மற்றவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், தோல் தடித்து எழும்பும்.

இதை ஆராய்ந்து அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தவர்கள் பிரான்சின் போர்த்தியேயும் ரிஷேயும். 1902-ல் கடல் அனிமோன் என்ற உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் கொடுத்து, பழகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவைக் கொடுத்தபோது நாய் நிமிடங்களில் செத்தது. ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாய்கள் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாகப் போனாலும், பழகிப்போகிறவர்களும் உண்டு. வருடம் முழுக்க நிறையக் கொட்டு வாங்கும் தேன் விவசாயிகள் பலருக்கு ஐஜிஜி4 என்ற வேறொரு எதிர்ப்பொருள் கூடி விஷத்தை முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். எப்போதாவது ஒன்றிரண்டு கொட்டு வாங்கும் வீட்டு ஆட்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கொட்டினதும் சுண்ணாம்பு வச்சு, ஒரு அவிலும் குடுத்தா போதாதா?

கொட்டின இடம் மட்டும் வீங்கி வலித்தால் முள்ளை உடனே எடுத்துவிட்டு ஐஸ் வையுங்கள், மாத்திரை போதும். ஆனால் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுத்து, வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் அது அனாஃபிலாக்சிஸ். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கச் சதையில், பெரியவர்களுக்கு அரை மில்லி போடுவார்கள். அடங்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். அவில் ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும், விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவே மணிக்கணக்காகும்.

ஆளை ஆட்டோவில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டு போவதை அடிக்கடி பார்க்கிறேன். மயக்கம் வருகிறவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டுகிறவர் மட்டும் சாய்ந்து உட்காரலாம். தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலின் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. அதனால் ஊசி போட ஆள் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எதுவோ அங்கே போங்கள், பெரிய ஆஸ்பத்திரி தேடி ஓட வேண்டாம். சரியான பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். புதிதாக ஒன்றும் படாமலே இரண்டாம் தடவை வருவது உண்டு என்பதுதான் காரணம்.

அயிலைக் கறி தின்ன அரை மணிக்கூர்ல வீட்டுல நாலு பேருக்கும் முகம் செவந்து தலைவலி. நாலு பேருக்கும் ஒண்ணா அலர்ஜி வருமா?

வராது. அது மீனின் குற்றம். அயிலை, சூரை, சாளை போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாஸ்ட் செல் கொட்டவேண்டிய ஹிஸ்டமினை நீங்கள் குழம்போடு சாப்பிட்டிருக்கிறீர்கள். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. பார்க்க முதல் வகை போலவே இருக்கும், அதே மாத்திரைக்குக் கேட்கவும் செய்யும். ஆனால் உங்களுக்கு மீன் ஆகாது என்று அர்த்தமில்லை. நாளைக்கு நல்ல மீன் வாங்கித் தாராளமாகச் சாப்பிடலாம்.

இறால், நண்டு சாப்பிட்டு வீட்டில் ஒருவருக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும் வந்தால் அது நிஜமான முதல் வகை. அவர்களுக்குத் தாராளம் கிடையாது.

அண்டி ஆபீஸ்ல முந்திரிக் கொட்ட உடைக்கிறேன். கையெல்லாம் கொப்புளம். ஆனா அண்டிப்பருப்பு தின்னா ஒண்ணும் செய்யல்ல. அதெப்படி சாரே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமே உண்டு. ஒரே கொட்டையில் இரண்டு வகையும் இருக்கிறது. தோட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் கார்டால், அனகார்டிக் அமிலம் உண்டு. அவை தோல் வழியே இறங்கி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். தோலில் இருக்கும் காவல் செல்கள் அதை அக்குளில், தொடையிடுக்கில் இருக்கும் நெறிக்கட்டிக்கு எடுத்துப்போய் டி செல்களுக்குக் காட்டிப் பழக்கும். அதன்பின் பட்டால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து அரிப்பு, சிவப்பு, நீர்க் கொப்புளம். இது நான்காம் வகை. போதாததற்கு, அந்த எண்ணெய் நேராகத் தோலைப் பொசுக்கவும் செய்யும். அதற்கு டி செல்லே வேண்டாம். உடைக்கிறவர்களுக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும்.

பருப்பில் தோட்டெண்ணெய் அநேகமாக இல்லை, அதனால் நீங்கள் சாப்பிடுவது ஒன்றும் செய்வதில்லை. பருப்பின் புரதத்துக்கு ஐஜிஇ வைத்திருக்கும் குழந்தைகள் வேறே உண்டு. அவர்களுக்குப் பாயசத்தில் ஒரு பருப்பு போதும், மேலே சொன்ன அனாஃபிலாக்சிஸ் வரும். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக் கையில் கொப்புளம் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

மலையில சேரு மரம் பட்டுட்டு. தான்றி மரத்தச் சுத்தி வந்தா சரியாவும் எண்ணு ஆச்சி சொல்லுதாவ. உள்ளதா?

சேரு, சேராங்கொட்டை, மா, கொல்லாமாவு என்கிற முந்திரி எல்லாம் ஒரே குடும்பம். பாலில் இருக்கும் சரக்கும் ஒத்த சாதி. எனவே பதில் மேலே சொன்னதுதான், நான்காம் வகை. மாங்காய்க் காம்புப் பால் வாயோரம் பட்டுப் புண்ணாவதும் இதில் சேரும்.

தான்றியைச் சுற்றுவது கேரளத்து மலையோர ஊர்களில் பழைய வழக்கம். இந்தக் கொப்புளம் மறுபடி படாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும், பெருமை மரத்துக்குப் போகும். சுற்றுவதில் கெடுதல் இல்லை. ஆனால் முதலில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், போட்டிருந்த துணியையும் துவையுங்கள். கண் வீங்கினாலோ மரத்தை எரித்த புகையை மூச்சில் இழுத்திருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

பால் வெட்டுக்குப் போறேன். ரப்பர் அலர்ஜி எண்ணு ஒரு டாக்டர், இல்ல எண்ணு இன்னொரு டாக்டர். யாரை நம்ப?

ரப்பரில் மூன்று சமாச்சாரம் கலந்து கிடக்கிறது. ஒன்று, பாலிலுள்ள புரதத்துக்கு வரும் முதல் வகை: கையுறை போட்ட சில நிமிடத்தில் தடிப்பு, தும்மல், இழுப்பு. இரண்டு, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்களுக்கு வரும் நான்காம் வகை. செருப்பு வார் போன வழியிலேயே கால்மேல் கோடு போட்டதுபோல் கருத்து, செதிலாகி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. மூன்று, ரப்பர் பாலை ஷீட்டாக உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் கையில் பட்டு வரும் வெந்த புண். அது அலர்ஜியே இல்லை, யார் கையில் பட்டாலும் வரும். உங்கள் இரண்டு டாக்டர்களும் வெவ்வேறு ரப்பரைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

முதல் வகை உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிக்கும். அந்தப் பழங்களிலுள்ள சில புரதங்கள் ரப்பர் பால் புரதத்தின் சாயல் கொண்டவை. ஏத்தன் (நேந்திரன்) பழம் சாப்பிட்டு உதடு தடித்தால் சொல்லுங்கள். பல் எடுக்கப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும் ரப்பர் கையுறை ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செட்ரிசின் பத்து நாளாத் தின்னேன், கைச்சொறி அப்படியே இருக்கு. மாத்திரை டூப்ளிகேட்டா?

இல்லை. செட்ரிசின் ஹிஸ்டமின் போய்ச் சேரும் ஓர் இடத்தை மட்டும் அடைக்கும். நான்காம் வகையில் அழற்சியைக் கிளப்புவது டி செல்கள் விடும் வேறு சமிக்ஞைகள். தூக்கம் வருவதால் சொறிவது குறையலாம், அவ்வளவுதான். பட்ட பொருளை நிறுத்துவதும், டாக்டர் சொன்ன பலத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு போடுவதும்தான் வழி. அந்தக் களிம்பையே மாதக்கணக்கில் முகம் வெளுக்கப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை, அதற்காக என்னிடம் முகம் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

எந்தப் பொருள் என்று தெரியாவிட்டால் தோல் டாக்டர் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்வார். சந்தேகப் பொருள்களை ஒட்டி இரண்டு நாள் விட்டு, எடுத்துப் பார்த்து, பிறகு ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அத்தனை நாள் ஏன் என்று இப்போது கேட்க மாட்டீர்கள்.

எனக்கு ஓ நெகட்டிவ், அவருக்கு ஓ பாசிட்டிவ். மூத்த பிள்ளை சுகமாத்தானே பிறந்தது, ரெண்டாவதுக்கு ஏன் பயப்படுத்துதாவ?

குழந்தைக்கு அப்பாவின் பாசிட்டிவ் வந்திருந்தால், முதல் பிரசவத்தின்போது அதன் சிவப்பணுக்கள் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலக்கும். உங்கள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்குள் மூத்தது பிறந்துவிட்டது. அடுத்த பாசிட்டிவ் குழந்தை வயிற்றில் இருக்கும்போது அந்த ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தசோகை, மஞ்சள்காமாலை, முற்றினால் குழந்தையே தங்காது. இது இரண்டாம் வகை. வராமல் தடுக்க 28-வது வாரத்தில் ஒன்றும், பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்றும் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். கரு கலைந்தாலும் போட வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் உருவான பின் போட்டுப் பயனில்லை. உருவாகிவிட்டதா என்று பார்க்கும் கூம்ஸ் டெஸ்ட் 1945-ல் வந்தது, நாலு வகை பிரித்த அதே கூம்ஸ் கண்டுபிடித்தது.

ஏ குரூப் ஆளுக்குத் தப்பாக பி ரத்தம் ஏற்றினாலும் இரண்டாம் வகைதான். அதற்கான எதிர்ப்பொருள் ஏ குரூப் ஆட்களிடம் முன்கூட்டியே இருப்பதால் சில நிமிடங்களிலேயே குளிர், முதுகுவலி, சிறுநீர் சிவப்பு என்று காட்டும். கடிகாரம் இங்கே ஓடாது என்று சொன்னது இதனால்தான்.

பாம்பு கடிச்சு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல ஊசி போட்டு நல்லபடியா வந்தாச்சு. ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல், மூட்டெல்லாம் வலி. விஷம் பாக்கி இருக்கா?

விஷம் இல்லை, மருந்தின் வேலை. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள். குதிரைப் புரதம் உங்கள் உடம்புக்கு அந்நியம்; ஒரு வாரத்தில் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகி, இரண்டும் கட்டிக்கொண்டு, மடை வாய்க்காலில் சகதி அடைவதுபோல் மூட்டிலும் சிறுநீரகத்திலும் தோலின் சின்னக் குழாய்களிலும் போய்ப் படியும். நிரப்புப் புரதங்கள் என்ற ரத்தத்துக் காவல் புரதங்கள் அங்கே வந்து அழற்சியைக் கிளப்பும். 1905-ல் வியன்னாவின் பிர்க்கேயும் ஷிக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை சீரம் போட்ட குழந்தைகளிடம் இதைக் கண்டு விவரித்தார்கள். மூன்றாம் வகைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. டாக்டரிடம் போனால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையில் பெரும்பாலும் அடங்கும்.

ஊசி ஏறும்போதே நடுக்கமும் தடிப்பும் வருவது வேறு சங்கதி. அதில் பாதிக்கு மேல் ஐஜிஇ கூட இல்லாமலே நடக்கும், அதனால்தான் முன்கூட்டித் தோலில் சோதித்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு போடுவார்கள். மறுபடி பாம்பு கடித்தால் இந்த ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முன்னால் ஒத்துக்கொள்ளவில்லை என்ற விவரத்தை மட்டும் சொல்லுங்கள்.

பிள்ளைக்குத் தொண்டைவலி மாறி ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா போல போவுது, காலைல முகம் வீங்குது. வெயில் சூடா?

சூடு இல்லை, இன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பொருளும் அதற்கு எதிராக உண்டான எதிர்ப்பொருளும் சேர்ந்த கட்டிகள் சிறுநீரக வடிகட்டியில் படிந்தால் இப்படித்தான் வரும். பாம்பு ஊசிக்குச் சொன்ன அதே மூன்றாம் வகை, குதிரைக்குப் பதில் கிருமி. தொண்டைக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம், தோல் சிரங்குக்குப் பிறகு இன்னும் கூட நாளாகும். பெரும்பாலான குழந்தைகள் முழுக்கத் தேறிவிடும், ஆனால் ரத்த அழுத்தம் ஏறாமல் பார்க்க வேண்டும்.

லேப்ல ஐஜிஇ ஆயிரத்துக்கு மேல. அப்போ எனக்கு எல்லாமே அலர்ஜியா?

மொத்த ஐஜிஇ ஒரு கூட்டுத்தொகை, எதற்கு எதிராக என்று சொல்லாது. குடற்புழு இருந்தாலே ஏறும். ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு ஒன்றும் அபூர்வமில்லை. சாதாரணமாக இருந்தாலும் இறால் ஆகாமல் போகலாம். தவிர, அது முதல் வகையைப் பற்றி மட்டும் பேசும். கைச்சொறிக்கு, செருப்புப் புண்ணுக்கு இந்த டெஸ்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

டிபி டெஸ்டுக்குக் கையில குத்தினது தடிச்சிட்டு. ஊசி அலர்ஜி ஆயிட்டா?

மாண்டூ டெஸ்டே நான்காம் வகையை வேண்டுமென்று கிளப்பிப் பார்ப்பதுதான். காசநோய்க் கிருமியின் புரதத்தை டி செல் முன்பே அறிந்திருந்தால் 48 முதல் 72 மணி நேரத்தில் அங்கே கெட்டியாகத் தடிக்கும். அந்தக் கெட்டியைத்தான் மில்லிமீட்டரில் அளப்பார்கள், சிவப்பை இல்லை. தடித்தால் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம், இப்போது நோய் இருக்கிறதா என்று சளியும் எக்ஸ்ரேயும் சொல்லவேண்டும்.

தொழுநோய் மருந்து தின்னுதேன். டைப் ஒண்ணு ரியாக்‌ஷன் எண்ணு எழுதியிருக்கு. அப்போ அது தேனீ கொட்டின மாதிரியா?

இந்த எண் பலரையும் குழப்பும். தொழுநோயின் டைப் ஒன்று ரியாக்‌ஷன் நம் கணக்கில் நான்காம் வகை: தோலில் இருந்த பழைய படைகள் திடீரென்று சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். அதன் டைப் இரண்டு நம் கணக்கில் மூன்றாம் வகையோடு சேர்கிறது: காய்ச்சலோடு தோலுக்கடியில் வலிக்கும் முடிச்சுகள். இரண்டு கணக்கும் வேறு வேறு ஆட்கள் போட்டது. கை கால் மரத்தாலோ கண் மூடமுடியாமல் போனாலோ அன்றே போய்க் காட்டுங்கள், நரம்பு போனால் திரும்பாது. தொழுநோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பென்சிலின் அலர்ஜி எந்த வகையில சேரும்?

நான்கிலும். போட்ட நிமிடத்தில் மயங்கினால் முதல் வகை. சிவப்பணுவில் மருந்து ஒட்டி அணு உடைந்தால் இரண்டாம் வகை. பத்து நாளில் காய்ச்சலும் மூட்டுவலியும் மூன்றாம் வகை. சில நாள் கழித்து வரும் பரவலான சிவப்புத் தடிப்பு பெரும்பாலும் நான்காம் வகை. வாய், கண்ணில் புண்ணோடு தோல் உரியும் கொடிய வடிவமும் நான்காம் வகையின் டி செல்களுடைய வேலைதான், அது வலிப்பு மருந்தான கார்பமசிபைனிலும் வரும். அப்படித் தோல் உரிந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது.

"அலர்ஜி உண்டு" எண்ணு சீட்டுல எழுதித் தந்திருக்காவ. அது போதுமா?

போதாது. மருந்தின் பெயர், எந்த வருடம், போட்டு எவ்வளவு நேரம் கழித்து, என்ன வந்தது, என்ன கொடுத்து அடங்கியது, இந்த ஐந்தும் வேண்டும். சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பை அப்போது கொடுத்த பென்சிலின் மேல் பழி போட்டு, ஆயுசு முழுக்க விலை கூடின மருந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். முறையாகப் பரிசோதித்தால் பென்சிலின் ஆகாது என்று சொல்லிக்கொள்வோரில் பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. அந்தப் பரிசோதனையை டாக்டர் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும், வீட்டில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பார்ப்பதில்லை.

நம் பக்கத்து ஆட்கள் அவசரத்துக்கு ஆசாரிபள்ளத்துக்கும் போவார்கள், திருவனந்தபுரத்துக்கும் போவார்கள். தமிழில் மட்டும் எழுதி வைக்காதீர்கள், மருந்தின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதி போன் உறைக்குள் மடித்து வையுங்கள். தடிப்பு இருக்கும்போதே ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் முறை வரும்போது அது மறைந்திருக்கும்.